ஒரு வடிவம், மூன்று எண்கள்

‘அபவுட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் உயிரையும் ‘சோஃபா’வின் கடைசி உயிரையும் ஆங்கிலேயர்கள் பாதி விழுங்கித்தான் சொல்வார்கள். அழுத்தம் இல்லாமல், நாக்கு முன்னும் போகாமல் பின்னும் போகாமல் நடுவாயில் பிறக்கும் அந்த ஒலிக்கு ஒலியியலாளர்கள் ஷ்வா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதற்கான எழுத்து, ஆங்கிலச் சிற்றெழுத்து ‘ஈ’யை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்த வடிவம். உச்சரிப்புக் குறிப்பு உள்ள எந்த ஆங்கில அகராதியைப் புரட்டினாலும் பக்கத்துக்குப் பக்கம் அது தென்படும். காகிதத்தில் அது ஒரே எழுத்துத்தான். கணினியிலோ அந்த வடிவத்துக்கு மூன்று எண்கள் உள்ளன: 477, 601, 1241. திரையில் மூன்றையும் அடுத்தடுத்து வைத்தால் பெரும்பாலான எழுத்துருக்களில் எந்தக் கண்ணுக்கும் வேறுபாடு தெரியாது. ஆனால் சாதாரண உரைத்திருத்தியில் ஒன்றைக் கொடுத்துத் தேடினால் மற்ற இரண்டும் அகப்படாது. மேலோட்டமாகப் பார்ப்பவர் இதை ஒரு குழுவின் கவனக்குறைவு என்றே நினைப்பார். அப்படியல்ல என்பது என் வாதம். கணினிக்குள் ஓர் எழுத்தை இன்னது என்று தீர்மானிப்பது அதன் தோற்றமும் இல்லை, ஒலியும் இல்லை. ஒரு எழுத்துமுறைக்குள் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான். இந்தக் கவிழ்ந்த எழுத்தைப் போல அதைத் தெளிவாகக் காட்டும் சாட்சி வேறு இல்லை.

கணினிக்கு முந்தைய கதை இதற்கு நேர் எதிரானது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பவேரிய வட்டார வழக்குகளை ஆராய்ந்த யோஹான் அந்திரேயாஸ் ஷ்மெல்லர்தான் இந்த எழுத்தை முதலில் கையாண்டவர். பிறகு 1886இல் பாரிஸில் தோன்றிய பன்னாட்டு ஒலியியல் கழகம் அதைத் தன் எழுத்துவரிசையில் சேர்த்துக்கொண்டது. அக்காலத்தில் ஒரு புதிய எழுத்தை வெட்டி, அச்சு செய்து, ஈயத்தில் வார்ப்பது செலவு பிடித்த வேலை. அதனால் இருக்கிற எழுத்தையே திருப்பிப் போடுவது என்ற வழக்கம் வந்தது. அச்சுக் கோப்பவர் அறைப்பெட்டியிலிருந்து ‘ஈ’ எழுத்தை எடுத்துத் தலைகீழாகச் செருகினால் ஷ்வா தயார். ஒலியியல் வரிசையில் இப்படிக் கவிழ்ந்த எழுத்துகள் ஒரு படையே உண்டு. கவிழ்ந்த ‘எம்’, நம் குற்றியலுகரத்தின் ஒலியைக் குறிக்க ஒலியியலாளர்கள் எடுத்தாளும் எழுத்து. கவிழ்ந்த ‘ஆர்’ எழுத்துக்கு ஒரு கொக்கி சேர்த்தால் அது ழகரம். ஈய எழுத்தைப் பொறுத்தவரை ‘ஈ’யும் ஷ்வாவும் ஒரே துண்டு உலோகம், எப்பக்கம் மேலே இருக்கிறது என்பது மட்டும்தான் வேறுபாடு. ஒரு பொருள் இரண்டு எழுத்தாக வேலை செய்த அந்த ஏற்பாட்டில் எவருக்கும் குழப்பம் வரவில்லை, ஏனென்றால் அச்சிட்டு முடித்த பக்கத்தை மனிதக் கண் மட்டுமே படித்தது. பக்கத்தைத் தேடவும் வரிசைப்படுத்தவும் பெரிய எழுத்தாக மாற்றவும் ஓர் இயந்திரம் வந்த பிறகுதான் சிக்கல் பிறந்தது.

அந்த இயந்திரத்தின் தொடக்க காலத்தில் ஷ்வாவுக்கு இடமே இல்லை. 1963இல் வெளிவந்த ஆஸ்கி தரத்தில் மொத்தம் 128 இடங்கள். ஆங்கில எழுத்துகள், எண்கள், நிறுத்தக்குறிகள், கட்டுப்பாட்டுக் குறிகள் ஆகியவற்றோடு அது விரைவிலேயே நிறைந்துவிட்டது. பேச்சொலியைக் கணினியில் ஆராய முயன்றவர்கள் இருந்ததை வைத்துச் சமாளித்தார்கள். 1980களின் கடைசியில் ஐரோப்பிய ஆய்வாளர்கள் உருவாக்கிய சாம்பா என்ற முறையில் ஷ்வாவுக்குப் பதிலாக, இன்று மின்னஞ்சல் முகவரியின் நடுவில் வரும் ‘அட்’ குறியைத் தட்டினார்கள். 1989இல் ஜெர்மனியின் கீல் நகரில் கூடிய ஒலியியல் கழக மாநாட்டை ஒட்டி ஒவ்வோர் ஒலிக்குறிக்கும் ஓர் எண் தரப்பட்டது. ஷ்வாவின் எண் 322. எழுத்தை வடிவமாகக் காட்டாமல் எண்ணாகச் சுட்ட வேண்டிய தேவையை மொழியியலாளர்களே உணர்ந்துவிட்டார்கள் என்பதற்கு இது சான்று. ஆனால் அந்த எண்ணை எந்த விசைப்பலகையும் எந்த அச்சுப்பொறியும் அறியவில்லை. 256 இடங்கள் கொண்ட எட்டுபிட் தரங்கள் வந்தபோதும் நிலைமை மாறவில்லை. வெவ்வேறு மொழிகளுக்கென்று பல பகுதிகளாக வெளியான ஐஎஸ்ஓ 8859 வரிசையில் ஒரு பகுதியில்கூட ஷ்வா இல்லை.

ஷ்வா வெறும் அகராதிக் குறியாக மட்டும் இருந்திருந்தால் இது மொழியியல் துறைக்குள் அடங்கிய குறையாகப் போயிருக்கும். ஆனால் ஒரு நாடே அந்த எழுத்தை நாள்தோறும் எழுதுகிறது. அஜர்பைஜான் மொழியில் மிக அதிகமாக வரும் எழுத்துகளில் அது ஒன்று. நாட்டின் பெயரிலேயே, மூன்றாவது எழுத்தாக நிற்கிறது. 1920களில் அம்மொழி லத்தீன் எழுத்துக்கு மாறியபோது அது நுழைந்தது. 1939இல் சோவியத் அரசு சிரிலிக் எழுத்தைப் புகுத்தியபோதும் அந்த வடிவம் மட்டும் வெளியேறாமல் சிரிலிக் வரிசைக்குள்ளும் உட்கார்ந்துகொண்டது. 1991இல் விடுதலை பெற்றதும் மீண்டும் லத்தீனுக்குத் திரும்பினார்கள். தலையில் இரு புள்ளி வைத்த ‘ஏ’ எழுத்தை அதன் இடத்தில் வைத்துப் பார்த்து, அடிக்கடி வரும் எழுத்துக்கு ஒவ்வொரு முறையும் புள்ளி வைப்பது தொல்லை என்று 1992இலேயே பழைய கவிழ்ந்த எழுத்தை மீட்டுக்கொண்டார்கள். கையெழுத்துக்கு அது வசதி. கணினிக்கோ தலைவலி, ஏனென்றால் துருக்கிய மொழிக்கான எட்டுபிட் தரத்தில் இரு புள்ளி வைத்த எழுத்து உண்டு, கவிழ்ந்த எழுத்து இல்லை. வேண்டாத ஒரு குறியின் இடத்தில் கவிழ்ந்த எழுத்தின் படத்தைப் பொருத்திய எழுத்துருக்களால் ஒப்பேற்ற வேண்டியிருந்தது. பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டிய தமிழ்க் கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து ஆங்கிலக் கிறுக்கலைப் பார்த்தவர்களுக்கு இதன் விளைவை விளக்க வேண்டியதில்லை. படம் மட்டும் மாறியது, கோப்புக்குள் இருந்த எண் வேறு எழுத்தின் எண்.

1991 அக்டோபரில் முதல் பதிப்பு கண்ட யூனிகோடு, அதாவது ஒருங்குறி, இந்தக் கட்டை அவிழ்த்தது. ஒவ்வோர் எழுத்துக்கும் உலகம் முழுவதற்கும் பொதுவான ஓர் எண் என்பது அதன் கொள்கை. 592 முதல் 687 வரையிலான 96 இடங்கள் ஒலியியல் எழுத்துகளுக்கு ஒதுக்கப்பட்டன. அதில் ஷ்வா 601. ஆனால் 601 என்ற எண்ணைக் கோப்பில் நேரடியாக எழுத முடியாது. ஒரு பைட்டில் எட்டு இரும இலக்கங்கள்தான் கொள்ளும். 601ஐ இருமத்தில் எழுதினால் 1001011001, அதாவது பத்து இலக்கம். இன்று இணையம் முழுவதும் பரவியுள்ள யூடிஎஃப்-8 முறை அதை இரண்டாகப் பிரிக்கிறது. கடைசி ஆறு இலக்கங்கள் இரண்டாம் பைட்டுக்குப் போகின்றன. மீதமுள்ள நான்கும், இடம் நிரப்ப முன்னால் ஒரு பூச்சியமும் முதல் பைட்டுக்கு. முதல் பைட்டின் தலையில் 110 என்று வைத்தால் ‘இரண்டு பைட் எழுத்து தொடங்குகிறது’ என்று பொருள். இரண்டாவதன் தலையில் வரும் 10 ‘இது தொடர்ச்சி’ என்கிறது. கூட்டிப் பார்த்தால் 201, 153. இதைப் பழைய மேற்கு ஐரோப்பிய எட்டுபிட் அட்டவணையைக் கொண்டு படிக்கும் நிரலுக்கு 201 என்பது தலையில் சாய்கோடு இட்ட பெரிய ‘ஈ’, 153 என்பது ‘டிஎம்’ என்ற வணிகக் குறி. அஜர்பைஜானியப் பக்கம் ஒன்றில் அந்த ஜோடி இறைந்து கிடந்தால் கோப்பு கெட்டுப்போகவில்லை, படிக்கும் நிரல் தவறான அட்டவணையைக் கையில் வைத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

எண் சரியாகப் போய்ச் சேர்ந்த பிறகும் திரையில் எழுத்துத் தோன்ற இன்னொரு படி இருக்கிறது. எழுத்துருக் கோப்பு ஒவ்வொன்றிலும் ஓர் அட்டவணை உண்டு. இன்ன குறியெண்ணுக்கு இன்ன வரைவடிவம் என்று அது சொல்லும். வரைவடிவம் என்பது வளைகோடுகளின் கணித விவரம். அதைத் தேவையான அளவுக்குப் பெருக்கி, திரையின் புள்ளிகளில் நிரப்புவது இயக்கத்தளத்தின் வேலை. அட்டவணையில் 601 இல்லாவிட்டால் கணினி வேறு எழுத்துருவில் தேடி இரவல் வாங்கும். அப்போது சொல்லின் நடுவில் ஓர் எழுத்து மட்டும் தடித்தோ மெலிந்தோ ஒட்டாமல் நிற்கும். எங்கும் கிடைக்காவிட்டால் வெற்றுக் கட்டம். இந்த அட்டவணையில்தான் என் வாதத்துக்கான முதல் சான்று கிடக்கிறது. 477, 601, 1241 ஆகிய மூன்று எண்களையும் ஒரே வரைவடிவத்துக்குச் சுட்டிவிட எழுத்துரு வடிவமைப்பாளருக்கு முழு உரிமை உண்டு. வடிவம் ஒன்று, எழுத்து மூன்று. எந்த விதியும் மீறப்படவில்லை. எழுத்தின் அடையாளமும் அதன் தோற்றமும் வெவ்வேறு கோப்புகளில், வெவ்வேறு பொறுப்பாளர்களிடம் இருக்கின்றன. வேறு எழுத்துகளின் எண்கள் இப்படி ஒரே தோற்றத்தில் கரைந்துபோவதும் உண்டு. ஒலியியலில் மாடி வைத்த அச்சு ‘ஏ’யும், கையெழுத்தில் வரும் வட்டமான ‘ஏ’யும் இரு வேறு உயிர்கள், எண்கள் 97, 593. பல எழுத்துருக்களின் சாய்வெழுத்தில் முதலாவதும் வட்டமாகிவிடுகிறது. படிப்பவர் கண்ணுக்கு வேறுபாடு மறைந்துவிட்டது, கோப்பு மட்டும் அதை மறக்கவில்லை.

அப்படியானால் மூன்று எண்கள் எதற்கு? பெரிய எழுத்தில் இருக்கிறது விடை. அஜர்பைஜான் மொழியில் இந்த எழுத்தின் பெரிய வடிவம் அதே கவிழ்ந்த சிற்றெழுத்தைப் பெரிதாக்கியது; எண் 399. நைஜீரியாவில் பேசப்படும் கனூரி மொழியிலும் அதே சிற்றெழுத்து உண்டு, ஆனால் அதன் பெரிய வடிவம் மூன்று கைகளும் இடப்பக்கம் நீட்டிய, திருப்பிப் போட்ட பெரிய ‘ஈ’, எண் 398. ஒரு சொல்லைப் பெரிய எழுத்தாக மாற்று என்று நிரலுக்குக் கட்டளையிட்டால், 601ஐக் கண்டு 399ஐத் தர வேண்டும், 477ஐக் கண்டு 398ஐத் தர வேண்டும். இரண்டுக்கும் ஒரே எண் இருந்திருந்தால் ஒன்று அஜர்பைஜானியருக்கு, அல்லது கனூரிக்காரருக்குப் பிழையான எழுத்து கிடைத்திருக்கும். 1241 சிரிலிக் குடும்பத்தைச் சேர்ந்தது. கசக், தாத்தார், பஷ்கீர் மொழிகளில் வருவது, அதன் பெரிய வடிவம் 1240. இந்தப் பிரிவினை அயல்மொழி விவகாரம் என்று நினைக்க வேண்டாம். தமிழில் ‘க’ என்ற எழுத்தின் எண் 2965. ஒன்று என்ற எண்ணைக் குறிக்கும் ‘௧’ 3047. வடிவம் ஒன்றே. பைத்தான் நிரலிடம் ‘௧௨’ என்ற இரு குறிகளைக் கொடுத்து எண்ணாக்கச் சொன்னால் 12 என்று தரும். ‘கஉ’ என்று கொடுத்தால் பிழை என்று திருப்பி அனுப்பும். ஒன்று எண்ணாக நடந்துகொள்கிறது, மற்றது எழுத்தாக. கல்வெட்டைப் படிப்பவர் சூழலைப் பார்த்து உணர்வதை, கணினிக்கு எண்ணாகவே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு நல்ல எதிர்வாதம் எழும். இது இன்ன மொழி என்று ஆவணத்தில் குறித்துவிட்டால் போதாதா, ஒரே எண்ணை வைத்துக்கொண்டு மொழிக்கேற்ப நடத்தையை மாற்றிக்கொள்ளலாமே? கோட்பாட்டில் முடியும். நடைமுறையில் என்ன ஆகும் என்பதற்கு அதே அஜர்பைஜான் மொழியே விடை வைத்திருக்கிறது. துருக்கியத்தைப் போல அதிலும் புள்ளியுள்ள ‘ஐ’, புள்ளியில்லாத ‘ஐ’ என்று இரண்டு எழுத்துகள் உண்டு. புள்ளியுள்ள சிற்றெழுத்துக்குப் பெரிய வடிவத்திலும் புள்ளி இருக்க வேண்டும், எண் 304. புள்ளியில்லாப் பெரிய எழுத்துக்குச் சிற்றெழுத்து 305. ஆனால் 105 என்ற சிற்றெழுத்தும் 73 என்ற பெரிய எழுத்தும் ஆங்கிலத்தோடு பங்குபோட்டுக்கொள்ளும் பொது எண்கள். விளைவு, மொழி எதுவென்று தெரியாத நிரல் ஒவ்வொன்றும் இந்த இரண்டையும் குழப்புகிறது. துருக்கியில் மட்டும் செயலிழக்கும் மென்பொருள் என்பது நிரலாளர்களிடையே ஒரு பழைய நகைச்சுவை. ஆவணத்தில் மொழி குறிக்கப்பட்டிருக்கும் என்று நம்பலாம், ஆனால் கடவுச்சொல்லிலும் கோப்புப் பெயரிலும் படிவத்தின் ஒரு கட்டத்திலும் யார் மொழியைக் குறிக்கிறார்கள்? ஒரே மொழி, ஒரே நிரல். தனி எண் பெற்ற எழுத்து தொல்லையின்றிப் பெரிதாகிச் சிறிதாகிறது, எண்ணைப் பகிர்ந்துகொண்ட எழுத்து இன்றும் தொல்லை தருகிறது. இதைவிடத் துல்லியமான ஒப்பீட்டை ஆய்வகத்திலும் ஏற்பாடு செய்ய முடியாது.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் வலுவானது: பிரித்து வைத்ததால் ஏமாற்றுக்கு வழி திறந்துவிட்டது. ஒரு வங்கியின் இணைய முகவரியில் 601க்குப் பதிலாக 1241ஐச் செருகி வேறொரு தளத்தைப் பதிந்துகொண்டால், பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. லத்தீனும் சிரிலிக்கும் கலந்த முகவரியைக் கண்டால் உலாவிகள் அதை எழுத்தாகக் காட்டாமல் புரியாத ஆங்கில எழுத்துத் தொடராகக் காட்டி எச்சரிக்கின்றன. ஆனால் 477உம் 601உம் இரண்டுமே லத்தீன். கலப்பைத் தேடும் சோதனையில் அவை சிக்கா. ஆகவே ஒன்றுபோல் தோன்றும் எழுத்துகளின் நீண்ட பட்டியல் ஒன்றை யூனிகோடு அமைப்பே வெளியிட்டு, முகவரி பதிவோர் அதைக் கொண்டு ஒப்பிடலாம் என்கிறது. நூலகங்களுக்கு வேறு இழப்பு. 1970இல் சிரிலிக்கில் அச்சான அஜர்பைஜானிய நூலையும் இன்று லத்தீனில் வரும் நூலையும் மின்மயமாக்கினால், தோற்றம் மாறாத அந்த ஒரே எழுத்தும் எண் மாறி நிற்கும். பிடிஎஃப் கோப்பில் இன்னொரு வேடிக்கை: அதில் பெரும்பாலும் வரைவடிவத்தின் எண்தான் சேமிக்கப்படுகிறது, எழுத்தின் எண் தனி அட்டவணையில் இருக்கிறது. மூன்று எழுத்தும் ஒரே வரைவடிவத்தைப் பகிரும் எழுத்துருவில், நகலெடுத்து ஒட்டினால் கொடுத்தது ஒன்று, வருவது வேறாக இருக்கலாம். இந்த இழப்புகள் உண்மையானவை. ஆனால் அவற்றின் தன்மையைக் கவனிக்க வேண்டும். பிரித்து வைத்ததை வேண்டும்போது ஒரு பட்டியலைக் கொண்டு ஒன்றாகக் கருதிவிடலாம். தேடுபொறி அப்படிச் செய்யலாம், முகவரி பதிவாளர் செய்யலாம். ஒன்றாகக் கலந்துவிட்டதைப் பிறகு பிரிக்க ஒவ்வொரு சொல்லையும் மனிதர் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

யூனிகோடு இந்தக் கொள்கையில் எப்போதும் உறுதியாக நின்றதா என்று கேட்டால், இல்லை. ஒலியியலாளர்கள் கிரேக்கத்திலிருந்து எடுத்த பீட்டா, தீட்டா, கை ஆகியவற்றுக்குத் தொடக்கத்தில் தனி எண் தரவில்லை. கிரேக்க எண்களையே பயன்படுத்திக்கொள்ளச் சொன்னார்கள். லத்தீன் பீட்டாவை எழுத்தாகக் கொண்ட ஆப்பிரிக்க மொழிகளுக்குப் பெரிய எழுத்தும் தேவைப்பட்டபோது 2015இல் அதற்கு ஒரு ஜோடி எண்களைப் புதிதாகச் சேர்க்க வேண்டிவந்தது. பழைய கிரேக்க எண்ணில் எழுதிய உச்சரிப்புக் குறிப்புகள் அப்படியே இருக்கின்றன, ஏனென்றால் ஒருமுறை தந்த எண்ணைத் திரும்பப் பெறுவதில்லை என்பது யூனிகோடின் மாறா விதி. தாமதமாகப் பிரித்தால் பழையதும் புதியதும் சேர்ந்தே சுமை. ஷ்வாவிடமும் ஒரு முரண் உண்டு. அஜர்பைஜானில் அந்த எழுத்து ஷ்வா ஒலியைத் தருவதே இல்லை. ஆங்கிலத்தில் ‘கேட்’ என்று பூனையைச் சொல்லும்போது வரும் அகன்ற உயிரைத் தருகிறது. ஆயினும் அகராதிக் குறிக்கும் அந்நாட்டு எழுத்துக்கும் ஒரே 601. ஒலி வேறானாலும் இரண்டும் லத்தீன் வரிசையில் அமர்ந்து ஒரே மாதிரி நடந்துகொள்வதால் அது போதும் என்று விட்டார்கள். ஒலிக்குறிக்குப் பெரிய எழுத்தே கிடையாது என்பதை நிரல் அறியாது. உச்சரிப்புக் குறிப்பை யாராவது பெரிய எழுத்தாக்கினால் 399 வந்து நிற்கும். அதைச் செய்ய வேண்டிய தேவை யாருக்கும் வராது என்பதால் இந்தச் சமரசத்தை நான் குறையாகக் கருதவில்லை. ‘பட்டர்’ என்பதை அமெரிக்கர்கள் சொல்லும்போது கடைசியில் வரும், நாக்கு மடங்கிய ஷ்வாவின் கதைதான் குறை. அதற்கு 602 என்று தனி எண் இருக்கிறது. 601ஐ எழுதி அருகில் 734 என்ற கொக்கியை ஒட்டியும் அதே தோற்றத்தைப் பெறலாம். இரண்டும் சமம் என்று தரம் எங்கும் சொல்லவில்லை. நடத்தையில் எந்த வேறுபாடும் இல்லாத இடத்தில் இரண்டு வழிகளைத் திறந்து வைத்தது தேவையற்ற தாராளம்.

ஆக, 477, 601, 1241 என்ற மூன்றும் இருக்க வேண்டியவையே. உச்சரிப்புக் குறிப்போடு அகராதியோ பாடநூலோ தயாரிக்கும் தமிழ்ப் பதிப்பாளர்கள், குறியட்டவணையில் கண்ணுக்குப் பட்ட முதல் கவிழ்ந்த எழுத்தை எடுத்து ஒட்டாமல், அதன் எண்ணைச் சரிபார்த்து 601ஐ மட்டும் பயன்படுத்த வேண்டும். அட்டவணைகள் இந்த எண்களைப் பதினாறடிமானத்தில் காட்டும். அங்கே அது 0259. தமிழ் எண்களை அச்சிடுவோரும் ஒன்றுக்கு ‘க’வைத் தட்டாமல் ‘௧’வையே தட்டுங்கள்.